பழைய நிழற்படங்களிற் கைகாட்டி மரங்கள்



புகையிரத நிலையத்து மேடையில் வண்டிக்காகக் காத்து நிற்போர் பொழுது போகாமல் மாறிமாறிப் பார்க்கின்ற பொருள்கள் சில உண்டு. நிலையத்து மணிக்கூடு ஒன்று. தண்டவாளம் வளைந்து கண்ணுக்கு மறைகின்ற இடம் ஒன்று. அவ்விரண்டுக்கும் இடையே நெடிது நிற்கின்ற கைகாட்டி மரம் ஒன்று. அதன் கை இறங்கிற்றென்றால், வண்டி வருகின்றதென்று பெட்டிகளைத் தூக்கிக்கொள்கின்றோம். நம்முடைய மலைநாட்டுப் பாதையில் இன்றும் இக்காட்சியைக் காணலாம். வண்டியில் ஏறி இருக்கை தேடிக்கொண்ட பின்னர் அந்தக் கையை நினைப்பார் எவருமிலர். நிலையத்தைப் படம் பிடிக்க வருகின்றவரும் எஞ்சினைப் பிடிப்பார், மேடையில் நிற்கும் கூட்டத்தைப் பிடிப்பார், கட்டடத்தின் முகப்பைப் பிடிப்பார். கைகாட்டி படத்தில் விழுவது பெரும்பாலும் அவர் எண்ணாமல் விழுவதே.

அவ்வாறு எண்ணாமல் விழுந்தவற்றைத் தேடியெடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு வரலாற்றை எழுதலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்கு நான் அமெரிக்க ஐக்கிய நாட்டைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. புகையிரதமும் நிழற்படக் கலையும் அந்நாட்டில் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்து ஒருங்கே வளர்ந்தவை. பால்ற்றிமோர் - ஒகையோ புகையிரதப் பாதையின் முதற் பகுதி, 13 மைல் தூரம், 1830இல் திறக்கப்பட்டது. நிழற்படக் கலை பிரான்சில் உலகறிய அறிவிக்கப்பட்டது 1839இல். ஆகவே முதல் ஒன்பது ஆண்டுகளை விட்டால், பின்வந்த காலம் முழுவதையும் கமராவின் கண் கண்டிருக்கின்றது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். நாம் டிப்போ என்றவுடன் பஸ்வண்டிகள் தரித்து நிற்கும் இடத்தை நினைக்கின்றோம். அமெரிக்கர்க்கு டெப்போ என்பது ஊர்ப்புறத்துப் புகையிரத நிலையம். பலகையாற் கட்டிய சிறு வீடு போன்றது. அதன் வாயிலில் நின்ற கைகாட்டியைப் பற்றியே நாம் பேசப் போகின்றோம்.

நிழற்படம் தோன்றுமுன் இருந்த சமிக்ஞைகளுக்கு எழுத்துச் சான்றே சான்று. டெலவெயர் மாநிலத்து நியூகாசில் துறையையும் மேரிலாந்து மாநிலத்துப் பிரெஞ்சுரவுனையும் இணைத்த சிறிய பாதையில், 1832ஆம் ஆண்டிலே, சில மைல்களுக்கு ஒன்றாக உயர்ந்த கம்பங்களை நட்டு, அவற்றிற் கயிற்றினாற் பந்துகளை ஏற்றி இறக்கினர். வண்டி நேரத்துக்குப் புறப்பட்டதாயின் வெண்ணிறம், தடைப்பட்டதாயின் கருநிறம் என்று குறிப்புகள் கூறுகின்றன. ஒரு கம்பத்தடியில் நிற்பவர் அடுத்த கம்பத்தைத் தொலைநோக்கியாற் பார்த்துத் தம் பந்தை ஏற்றுவார். தந்தி இல்லாத காலத்தில் இது நல்ல உபாயமே. பந்துச் சமிக்ஞை பின்னர் வேறு பாதைகளிலும், சிறப்பாக இரு பாதைகள் குறுக்கிடும் இடங்களிலும் நின்று நிலைத்தது. பந்து உயர ஏறினால் தடையின்றிச் செல்லலாம் என்னும் வழக்கிலிருந்து, தாராளமாகப் போ என்பதற்கு 'ஹைபோல்' என்ற சொல்லே அந்நாட்டுப் புகையிரதத் தொழிலாளர் வாயிற் பிறந்தது. நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வைற்பீல்ட் என்னும் ஊரில் இத்தகைய பந்துக் கம்பம் ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கின்றது.

இச்சமிக்ஞைகளின் பின்னாலிருந்த அச்சத்தை அறிந்தாலன்றி அவற்றை ஆராய்வதன் பெறுமதி விளங்காது. அமெரிக்கப் பாதைகளிற் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரு வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் ஓட வேண்டும். குறித்த நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து செல்ல வேண்டும். எது நிற்பது, எது செல்வது என்பதைத் தொடக்கத்தில் நேரசூசியும் கடிகாரமுமே தீர்மானித்தன. றோட் ஐலண்ட் மாநிலத்தில், பொற்றக்கற் நகருக்கு அண்மையில் வலி போல்ஸ் என்னுமிடத்தில், 1853 ஓகஸ்ட் 12ஆந் தேதி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்த ஒரு வண்டியும் வழமையான வண்டி ஒன்றும் நேருக்கு நேர் மோதின. இறந்தோர் 14 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. வண்டிக்குப் பொறுப்பாயிருந்தவரின் கடிகாரம் பிழையாக ஓடியமை காரணமாகச் சொல்லப்பட்டது. நாம் கார்ட் என்று அழைக்கும் அவ்வதிகாரியை அங்கே கண்டக்டர் என்பர். சில நிமிடப் பிழை, பதினான்கு உயிர்.

அந்த விபத்தின் நிழற்படம் ஒன்று இன்றும் இருக்கின்றது. ரைட் என்பவர் செப்புத்தகட்டின்மேற் பூசிய வெள்ளியிற் பதித்த படம் அது. நியூ யோர்க் மாநிலத்து றொச்செஸ்ரர் நகரிலுள்ள ஜோர்ஜ் ஈஸ்ற்மன் நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றது. அமெரிக்காவில் ஒரு செய்தி நிகழ்ச்சியைப் பிடித்த மிகப் பழைய படங்களுள் ஒன்றென அதனை மதிக்கின்றனர். நொறுங்கிக் கிடக்கும் பெட்டிகளும், சுற்றி நின்று பார்க்கும் மக்களும் அதில் உண்டு. சமிக்ஞைகளின் வரலாற்றைத் தேடுவோன் இப்படத்தை முதலிற் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எதற்காகக் கைகாட்டி வேண்டியிருந்தது என்பதை அது சொல்லுகின்றது.

நேரசூசியின் பிடியைத் தளர்த்தியது தந்தி. ஈறி புகையிரதப் பாதையின் மேற்பார்வையாளரான சாள்ஸ் மைனொற் என்பவர், 1851 செப்ரெம்பர் 22ஆந் தேதி, ரேணர்ஸ் என்னும் நிலையத்தில், எதிர்வண்டி வருமட்டும் காத்திருக்க நேர்ந்தது. அவர் 14 மைலுக்கு அப்பாலுள்ள கோஷன் நிலையத்துக்குத் தந்தி கொடுத்து, அவ்வண்டி இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்று அறிந்து, வந்தால் அதனைத் தடுத்து வைக்குமாறு கட்டளையிட்டார். பின்னர்த் தம் வண்டியைப் புறப்படச் சொன்னார். சாரதி ஐசாக் லூயிஸ் மறுத்துவிட்டார். கம்பியில் வந்த சொல்லை நம்பித் தம் உயிரைக் கொடுக்க அவர் ஆயத்தமாயில்லை. மைனொற் தாமே எஞ்சினை ஓட்டிச் செல்ல, சாரதி கடைசிப் பெட்டியின் பின் இருக்கையிற் போய் அமர்ந்துகொண்டாராம். மோதினாலும் அங்கே அடி குறைவு என்பது அவர் கணக்கு. அந்தச் சாரதியைக் கோழையென்று நகைப்பவர்கள் உண்டு. எனக்கு அவர் செயல் மிக இயல்பாகவே தோன்றுகின்றது.

இதன்பின் வண்டிகளை நடத்தும் கட்டளைகள் தந்தியில் வரத் தொடங்கின. தலைமையகத்திலிருப்பவர் ஒரு நிலையத்துத் தந்தியாளருக்குக் கட்டளை அனுப்புவார். தந்தியாளர் அதனை மெல்லிய தாளில் எழுதி, வருகின்ற வண்டியின் சாரதிக்கும் கார்டுக்கும் கொடுக்க வேண்டும். நம் நாட்டு ஒற்றைப் பாதையில், நிலைய அதிபர் வளையத்தில் மாட்டிக் கொடுக்கும் தகடு செய்கின்ற வேலையை, அங்கே ஒரு துண்டுக் காகிதம் செய்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால், உனக்குக் காகிதம் இருக்கின்றது, நின்று வாங்கிச் செல் என்று ஓடிவரும் வண்டிக்கு எவ்வாறு அறிவிப்பது? அதற்காகவே நிலையத்து வாயிலில் ஒரு சமிக்ஞை தோன்றியது. முதலிற் பகலிற் செங்கொடி, இரவிற் செவ்விளக்கு. பின்னர்ச் சுழலும் பலகை, வட்டத்தகடு. அதன்பின் கம்பத்தின் இருபுறமும் ஒவ்வொரு திசைக்கு ஒவ்வொன்றாக இரு கைகள். கைகாட்டி என்னும் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரான்சிற் சாப் சகோதரர்கள் 1790களில் அமைத்த தந்திக் கோபுரங்களின் வழித்தோன்றல் அது. இங்கிலாந்திலே 1840களின் தொடக்கத்திற் புகையிரதத்துக்கு வந்த அவ்வடிவம், கடல் கடந்து அமெரிக்காவிற் பரவச் சில பத்தாண்டுகள் சென்றன.

இனி, ஆராய்ச்சிக்கு வருவோம். கம்பனிகளின் விதிநூல்கள் இருக்கின்றன, பொறியியல் வரைபடங்கள் இருக்கின்றன; அப்படியிருக்க நிழற்படம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விதிநூல், கம்பனி எவ்வாறு இருக்க வேண்டுமென்று விரும்பியதோ அதனைச் சொல்லும். ஒரு சிற்றூர் நிலையத்தில் உண்மையாக என்ன நின்றது என்பதைச் சொல்லாது. புதிய கைகாட்டி வரும் என்று தலைமையகம் எழுதி எத்தனை ஆண்டுகள் சென்றபின் அது அந்த ஊருக்கு வந்தது? இடைக்காலத்திற் பழைய பலகையையே தொடர்ந்து திருப்பினார்களா? அரசாங்கப் பாடசாலை ஒன்றை நடத்துபவன் என்ற முறையில், சுற்றறிக்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் எனக்கு ஓரளவு தெரியும். அந்தத் தூரத்தை அளப்பதற்கு நிழற்படத்தைப் போன்ற கோல் வேறில்லை.

நல்வாய்ப்பாக, அக்காலப் படங்கள் பெரியவை. உள்நாட்டுப் போரின்போது வட மாநிலங்களின் படைப் புகையிரதங்களைப் படம் பிடித்தவர் அன்ட்றூ றசல் என்னும் படைத் தலைவர். அவரே பின்னர் 1868, 1869ஆம் ஆண்டுகளிற் கண்டத்தைக் குறுக்கறுத்துச் சென்ற யூனியன் பசிபிக் பாதையைப் படம் பிடித்தார். அதற்காக அவர் பயன்படுத்திய கண்ணாடித் தகடுகள் 10 அங்குலமும் 13 அங்குலமும் கொண்டவை. இப்போது கலிபோணியாவில் ஓக்லண்ட் நூதனசாலையிற் பேணப்படுகின்றன. மேற்கிலிருந்து வந்த சென்ரல் பசிபிக் பாதையை அல்பிரட் ஹாட் என்பவர் இரட்டைக் கண் கொண்ட கமராவாற் பிடித்தார். அப்படங்களை அதற்குரிய கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், கம்பம் முன்னே நிற்கின்றதா, கட்டடத்தோடு ஒட்டி நிற்கின்றதா என்பது தெளிவாகத் தெரியும். தட்டையான படத்தில் அதனைத் துணிதல் எளிதன்று. அடுத்த தலைமுறையில், டிட்றோயிற் நகரத்துப் படக் கம்பனியொன்றின் 25,000க்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் வாஷிங்ரனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை அந்நூலகம் மிக நுணுக்கமாகப் பிரதிசெய்து இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டு, பென்சில்வேனியாவின் ஒரு மேடையில் நின்ற மனிதரின் சட்டைப் பொத்தானை எண்ணலாம். தகட்டின் மூலையில் எறும்பளவாகத் தெரியும் கம்பத்தைப் பெருப்பித்து அதன் கை எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கின்றது என்று பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்ன பின், இந்தச் சாட்சியை அப்படியே நம்பலாமா என்ற கேள்வி எழுகின்றது. மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒருமுறை இத்தகைய படமொன்றைக் காட்டியபோது ஒரு மாணவி, "ஐயா, கையைக் கறுப்பாகவா பூசினார்கள்?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. அக்காலத்துத் தகட்டுக்கு நீல ஒளி ஒன்றே நன்கு தெரியும். சிவப்பு அறவே தெரியாது. ஆகவே செந்நிறமும் கருநிறமும் ஒன்றேபோலக் கறுத்து விழும். நீலமும் வெள்ளையும் ஒன்றேபோல வெளுத்து விழும். ஜெர்மானியரான ஹெர்மன் பொகெல் 1873இலே, சாயம் சேர்த்துத் தகட்டுக்கு வேறு நிறங்களையும் காணக் கற்பிக்கலாம் என்று கண்டறிந்தார். எனினும் சிவப்பையும் காணத்தக்க தகடு கடைக்கு வந்தது 1906 அளவிலேதான். அதன் பின்னரும் பலர் பழைய வகைத் தகட்டையே நெடுங்காலம் பயன்படுத்தினர். சமிக்ஞைக்கோ நிறமே உயிர். கறுப்பாகத் தெரியும் கொடி நிற்கச் சொல்லும் செங்கொடியா? வெளுப்பாகத் தெரியும் கொடி வெள்ளையா, நீலமா? படம் பேசாது.

இன்னொரு விளைவும் உண்டு. நீல வானம் அத்தகட்டில் வெண்தாள்போல் வெளுத்துவிடும். சிவந்த கை அவ்வெண்மையிற் கறுப்பாகத் தெளிவுற நிற்கும், அதுவரையில் நன்று. வெள்ளைப் பூசிய கையின் பின்புறமோ, வெள்ளைப் பந்தோ வானத்தோடு கரைந்து மறைந்துவிடும். ஆகவே ஒரு படத்தில் வெறுங் கம்பம் மாத்திரம் தெரிந்தால், அங்கே சமிக்ஞை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. எழுதிவிட்டவர்கள் இருக்கின்றார்கள். நிறத்தை உறுதி செய்ய வேண்டுமாயின் கம்பனி விதிநூலை நாட வேண்டும். அல்லது நூதனசாலைகளில் எஞ்சியிருக்கும் கைகளிற் பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இயல்பான நிறப் படங்கள் அமெரிக்கப் புகையிரதங்களுக்குக் கிடைப்பது 1940களிலே, ஜாக் டெலானோ போன்றோர் அரசாங்கத்துக்காகப் பிடித்தபோதுதான். அதற்குள் நாம் தேடும் பழைய சமிக்ஞைகளிற் பெரும்பாலானவை போய்விட்டன.

கண்ணாடித் தகட்டுக் காலத்தின் முற்பகுதியில் ஒரு படத்துக்குப் பெரும்பாலும் சில செக்கன்களாவது வேண்டும். ஓடுகின்ற வண்டி புகைபோல் இழுபட்டுவிடும். ஆதலின் அக்காலப் படங்களில் நாம் காணும் வண்டிகள் பெரும்பாலும் படத்துக்காக நிறுத்தப்பட்டவை; சாரதி கைகட்டி நிற்பார், தீமூட்டி ஏணியில் நிற்பார். காற்றில் ஆடும் கொடியும், ஒருவர் கையில் அசைகின்ற விளக்கும் படத்தில் நிலைப்பதில்லை. இரவோ முற்றிலும் இல்லை. இதன் பயன் யாதெனில், நிலையத்துச் சமிக்ஞைகளுள் மிகப் பழையனவும், மிகுதியாகப் பயன்பட்டனவுமான கொடியும் விளக்குமே நிழற்படத்தில் மிகக் குறைவாகக் காணப்படுகின்றன. மரமும் இரும்புமாக அசையாது நின்ற கம்பங்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. படங்களை மாத்திரம் எண்ணிக் கணக்கெடுப்பவர், கைகாட்டிகள் மிக முன்னரே எங்கும் பரவிவிட்டன என்று நம்பிவிடுவார். கொடி பிடித்த மனிதரின் இடம் வெறுமையாகிவிடும்.

இடம் வலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டுக் கைகாட்டிகள் ஆங்கில முறையைப் பின்பற்றியவை. வரும் வண்டியிலிருந்து பார்த்தாற் கை கம்பத்தின் இடப்பக்கம் நீளும். அமெரிக்காவிலே அது பொதுவாக வலப்பக்கம் நீளும். எனவே நம்மவர் ஒருவர் அமெரிக்கப் படத்தைப் பார்க்கும்போது, எந்தக் கை எந்தத் திசை வண்டிக்கு உரியது என்பதை மாற்றிக் கொள்ள இடமுண்டு. போதாக்குறைக்கு, செப்புத்தகட்டுப் படங்கள் கண்ணாடியிற் கண்ட முகம்போல இடம்வலம் மாறியே இருக்கும். கண்ணாடித் தகட்டையும் புறம் மாற்றி வைத்து அச்சிட்டால் அவ்வாறே ஆகும். நிலையத்தின் பெயர்ப்பலகை தெரிந்தால் எழுத்தே காட்டிக் கொடுக்கும். பலகை தெரியாவிட்டால், ஆடவரின் சட்டைப் பொத்தான் எப்பக்கம் போடப்பட்டிருக்கின்றது என்று பார்ப்பது ஒரு வழி. புகையிரத வரலாற்றுக்குத் தையற்காரரின் துணை வேண்டியிருக்கின்றது பாருங்கள்.

கையின் நிலையை வாசிப்பது இதனினும் அரிது. ஒரு படத்தில் நிலையத்துக் கை கிடையாக நிற்கின்றது. வண்டிக்குக் கட்டளை காத்திருக்கின்றது என்று எழுதிவிடலாமா? அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகள் 1887இல் ஒன்றுகூடிப் பொது விதிக்கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டன. அக்கோவையின் வழிவந்த விதிகளில், நிலையச் சமிக்ஞை பற்றிய விதி இரு வடிவங்களில் அமைந்தது. ஒவ்வொரு கம்பனியும் தனக்கு உகந்ததைத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றின்படி தந்தியாளர் கடமையில் இருக்கும்வரை கை நில் என்றே காட்டிக்கொண்டிருக்கும். கட்டளை இல்லாத வண்டிக்கு மாத்திரம் அதனை இறக்கி வழிவிடுவார். மற்றதன்படி கை வழமையாகச் செல் என்றிருக்கும். கட்டளை இருந்தால் மட்டும் நில் என்று காட்டும். ஆகவே அதே கிடைக் கை, ஒரு கம்பனியின் பாதையில் ஒன்றும் நிகழாத வெறுநாளையும், இன்னொரு கம்பனியின் பாதையில் எதிரே வண்டி வருகின்ற ஆபத்தையும் குறிக்கலாம். பாதை எந்தக் கம்பனிக்கு உரியது, அவ்வாண்டில் அது எந்த வடிவத்தைக் கைக்கொண்டது என்று தெரியாதவரையில் அந்தக் கைக்குப் பொருள் சொல்லுதல் கூடாது.

இவ்விரண்டு முறைகளுள் எது சிறந்தது என்பதை வாதிப்பது வீண்வேலை போலத் தோன்றலாம். 1876 ஜனவரியிலே, இங்கிலாந்தில் அபொற்ஸ் றிப்ரன் என்னுமிடத்தில் நிகழ்ந்ததைக் கேட்டால் அவ்வாறு தோன்றாது. கைகள் வழமையாகச் செல் என்ற நிலையிலேயே கம்பத்தின் பிளவுக்குள் இறங்கிக் கிடந்தன. பனி உறைந்து அவற்றைப் பிடித்துக்கொண்டது. சமிக்ஞையாளர் நெம்புகோலை மாற்றியும் கை மேலெழவில்லை. விரைவு வண்டி செல் என்ற குறியை நம்பி வந்து முன்னின்ற வண்டியில் மோதிற்று. பின்னே வந்த மற்றொன்று அந்தச் சிதைவில் மோதிற்று. அதன் பின்பே, வழமை நிலை ஆபத்தைக் காட்டுவதாக இருத்தல் வேண்டும் என்ற கொள்கை அந்நாட்டில் வேரூன்றியது.

விளக்கிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. முற்காலத்தில் வெள்ளொளி செல் என்பதையும், பச்சை எச்சரிக்கையையும், சிவப்பு நில் என்பதையும் குறித்தன. செங்கண்ணாடி உடைந்து விழுந்தால் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி வெண்மையாகவே தெரியும். நில் என்பது செல் என்றாகிவிடும். வீட்டு விளக்கும் கடை விளக்கும் வழிவிடும் விளக்காக மயக்கம் தரும். ஆதலினால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, பச்சையைச் செல் என்பதற்கு மாற்றி, எச்சரிக்கைக்கு மஞ்சளைக் கொண்டுவரத் தொடங்கினர். நியூ ஹேவன் பாதை 1899இல் மஞ்சளை ஏற்றது. இங்கேதான் நிழற்படம் தன் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. நிறத்தைக் காட்டாவிட்டாலும் துளையைக் காட்டும். கையின் அடியில் மூக்குக்கண்ணாடிச் சட்டம் போன்ற இரும்பு இருக்கும். இருநிலைக் கைகாட்டி ஒன்றில் அச்சட்டத்துக்கு ஒரே கண்ணாடி, மற்ற நிலையில் விளக்கு மறைவின்றி நிற்கின்றது என்றால், வெள்ளொளி செல் என்றிருந்த பழைய முறை அங்கே நடைமுறையில் இருந்தது என்று ஊகிக்க இடமுண்டு. இரு கண்ணாடிகள் இருந்தால் மாற்றம் வந்துவிட்டது எனலாம். நெல்மணியளவான ஒரு துளை இவ்வளவு சொல்லுகின்றது.

படத்தின் ஆண்டைத் துணிவதற்குக் கைகாட்டிக்கு வெளியே பார்க்க வேண்டும். பெட்டிகளை இணைப்பது பழைய ஆணியும் வளையமுமாயின், அப்படம் பெரும்பாலும் 1900க்கு முற்பட்டது. ஏனெனில் 1893இல் இயற்றிய சட்டம் தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கி, 1900இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கை கிடைநிலையிலிருந்து மேல்நோக்கி உயர்வதாயின், அது 20ஆம் நூற்றாண்டில் வந்த அமைப்பு. தபாலட்டையாயின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். செய்திக்கும் விலாசத்துக்கும் நடுவே கோடிட்டுப் பிரித்த அட்டை அந்நாட்டில் 1907 மார்ச் முதலே அனுமதிக்கப்பட்டது. கொடாக் கம்பனி 1903இல் தபாலட்டை அளவான படம் எடுக்கும் கமராவை விற்கத் தொடங்கியபின், ஊர்தோறும் கடைக்காரரும் படப்பிடிப்பாளரும் தங்கள் நிலையத்தைப் பிடித்து அட்டையாக விற்றனர். பெரிய படப்பிடிப்பாளர் எவரும் எட்டிப் பாராத சிற்றூர் நிலையங்களுக்கு இவ்வட்டைகளே சான்று. தபால் முத்திரை, படம் அந்நாளுக்கு முந்தியது என்று மட்டுமே சொல்லும். பத்து ஆண்டு பழைய படத்தையும் அட்டையாக விற்றிருக்கலாம்.

அச்சிட்ட வண்ண அட்டைகளை மாத்திரம் நான் சாட்சிக் கூண்டில் ஏற்றேன். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அச்சகத்தார் தம் மனம்போல நிறம் ஊட்டினர். அவர்கள் அந்த ஊரையே கண்டிராதவர்களாக இருக்கலாம். தந்திக் கம்பிகள் காட்சியைக் கெடுக்கின்றன என்று அழித்தனர். கம்பிகளோடு சேர்ந்து கைகாட்டியும் சில அட்டைகளிற் போய்விட்டது. கட்டடம் மட்டும் பூங்காவில் நிற்பதுபோல நிற்கும். டிட்றோயிற் கம்பனி வெளியிட்ட அழகிய வண்ணப் படங்களும் கல்லச்சில் நிறம் ஏற்றியவையே. அழகுக்காக அவற்றைப் பார்க்கலாம், சமிக்ஞையின் நிறத்துக்காகப் பார்த்தல் கூடாது.

விருப்பம் கண்ணை எவ்வாறு நடத்துகின்றது என்பதற்குப் பெயர்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. பென்சில்வேனியாவிலுள்ள ஹனோவர் சந்தி நிலையத்தின் படங்கள் சில, மாத்தியூ பிரேடியின் படப்பிடிப்புக் கூடத்தாருடையவை எனக் கருதப்படுபவை, உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து எஞ்சியுள்ளன. ஆபிரகாம் லிங்கன் தமது புகழ்பெற்ற உரையை நிகழ்த்துவதற்காகக் கெற்றிஸ்பேர்க் செல்லும் வழியில், 1863 நொவெம்பர் 18ஆந் தேதி இச்சந்தியைக் கடந்தார். படத்தில் உயர்ந்த தொப்பியுடன் ஒருவர் மேடையில் நிற்கின்றார். அவர் லிங்கனே என்று ஒருசாரார் சாதிக்க, அல்லவென்று மறுசாரார் மறுக்க, வாதம் பல்லாண்டு நீண்டது. எனக்கு அந்தத் தொப்பியில் அத்துணை அக்கறையில்லை. அதே தகட்டில் ஒரு போர்க்காலச் சந்தியின் மேடை எவ்வளவு உயரம், பாதை எங்கே பிரிகின்றது, வண்டி எங்கே நிற்கின்றது, யாவர் எங்கே காத்திருக்கின்றனர் என்பவையெல்லாம் கிடக்கின்றன. தொப்பிக்காரரைச் சுற்றிச் செலவான கண்ணொளியிற் பாதி இவற்றுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும்.

தந்தியும் பின்னர்த் தொலைபேசியும் கொண்டுவந்த காகிதக் கட்டளைகள் 1980கள் வரையில் அந்நாட்டின் பல பாதைகளில் நிலைத்தன. அதன்பின் வானொலித் தொடர்பு வந்தது. தலைமையகத்தார் சாரதியோடு நேரே பேசினர். தந்தியாளருக்கு வேலையில்லை; நிலையமும் வேண்டியதில்லை. பலகை நிலையங்களிற் பல இடித்துத் தள்ளப்பட்டன. தப்பியவை நூலகமாகவும், உணவுச்சாலையாகவும், ஊர் நூதனசாலையாகவும் மாறின. கைகாட்டிகளைப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். அத்தகைய கட்டடம் ஒன்றுக்குள் இன்று உணவருந்தச் செல்பவர்கள், தண்டவாளப் பக்கத்துச் சுவரில் ஒரு சன்னல் மாத்திரம் ஏன் மூன்று முகத்துடன் வெளியே புடைத்து நிற்கின்றது என்று கேட்கின்றார்களாம். பழைய படத்தைக் காட்டினால் விடை தெரியும். அந்தச் சன்னலின் நேர்மேலே கைகாட்டிக் கம்பம் எழுகின்றது. அதன் நெம்புகோல் உள்ளே மேசைக்கருகில் இறங்குகின்றது. தந்திக் கருவியின்மேல் ஒரு கையும் நெம்புகோலின்மேல் ஒரு கையுமாக அங்கிருந்தவர், பாதையின் இரு திசையையும் நாற்காலியை விட்டு எழாமற் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகவே சுவரை ஒரு முழம் வெளியே தள்ளிக் கட்டினார்கள்.